இடது பக்கத்துப் பல்

ராஜகுருவுக்கு உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி முற்றத்தில் நடந்தபடியேதான் சாப்பிடுவார். அருப்புக்கோட்டையில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டினார். நான்கு தறிகளுக்கு நடுவே நடந்து நடந்து சிமெண்டுத் தரையில் ஒரு தடமே விழுந்திருந்தது. இந்த ஆவணியில், ஐம்பத்திரண்டு வயதில், அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தவர், அப்படியே போய்விட்டார். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அவர் ஆடாமல் அசையாமல் இருந்தது இரண்டே முறை என்பார் மனைவி ராமலட்சுமி. இரண்டும் மகள் அனுசியாவின் பல்லால் வந்தவை.

அனுசியாவுக்கு அப்போது ஆறு வயது. பெற்றோர் இருவருக்கும் தறி வேலை. பல் துலக்குவது அவள் பொறுப்பு. பேஸ்ட்டைப் பிதுக்கி, நக்கி, பிரஷ்ஷை இரண்டு கடி கடித்துத் துப்பினால் முடிந்தது. பிறகு தறிக்கூடத்தில் டீயும் ரஸ்க்கும். ஒரு நாள் வலது கன்னம் வீங்கியது.

பல் டாக்டரம்மா, எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

"காலைப் பிடிச்சுக்கோங்க."

ராஜகுரு பிடித்தார். மகள் அலறினாள். அவர் பிடி தளரவில்லை. "ஆடாத தாயி, அப்பா இருக்கேன்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். அது முதல் முறை.

வெளியே வந்ததும் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார்.

டாக்டரம்மா கூப்பிட்டார். "இடது பக்கமும் இதே எடத்துல ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு பல்லும் ஒட்டி நிக்கிற சந்து. இப்போதைக்கு அடைச்சிருக்கேன். பிரஷ்ஷு அங்க போகாது. தினம் ராத்திரி சாப்பிட்ட பெறகு அந்தச் சந்துல நூல் விட்டு எடுக்கணும். காலையிலயும் ராத்திரியும் நீங்கதான் தேச்சு விடணும், எட்டு வயசு வரைக்கும். பேஸ்ட்டு பட்டாணி அளவு போதும். மூணு மாசம் கழிச்சு வாங்க. மோசமாச்சுன்னா இதையும் எடுக்குறாப்புலதான் இருக்கும்."

இதையும் எடுப்பதென்றால் மறுபடியும் காலைப் பிடிக்க வேண்டும். ராஜகுருவுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

நூலின் பெயரை டாக்டரம்மா சீட்டில் எழுதித் தந்தார். மருந்துக் கடையில் அது மதுரையில்தான் கிடைக்கும் என்றார்கள். பக்கத்துத் தறி காளீஸ்வரன் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏலே, நூலுக்குள்ளயே பொறந்து வளந்துட்டு, நூல் வாங்க மதுரைக்குப் பஸ்ஸு ஏறப் போறியாக்கும்?"

"அதான் நானும் நெனைச்சேன்."

"நாப்பதாம் நம்பரு நூலா எடு. அறுபது மெலிசு, போட்டா அந்துரும்."

ராஜகுரு தேடி எடுத்தார். நூலில் ஏறியிருந்த கஞ்சி போக வெந்நீரில் அலசிக் கொடியில் காயப்போட்டார். ராத்திரி ராமலட்சுமி மகளின் கைகளைப் பிடித்துக்கொள்ள, அவர் வாயைத் திறந்து நூலைச் சந்துக்குள் இறக்கினார். இறங்கியது. இழுத்தார். அறுந்தது. மறுநாள் இரண்டு இழையாகச் சேர்த்தார். நாலாம் நாள் ஈறு சிவந்து வீங்கிவிட்டது.

டாக்டரம்மா குறடால் பஞ்சுப் பிசிறை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெள்ளைத் துணியில் வைத்தார். "என்னங்க இது? புள்ள வாயில வேட்டியா நெஞ்சீக?"

டாக்டரம்மா தன் மேசை இழுப்பறையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை ராஜகுரு நடுரோட்டில் நின்று பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த நூலை விரலில் உருட்டினார். முறுக்கே இல்லை. வெறும் நைலான் இழைகள், மேலே மெழுகு. சந்துக்குள் போனால் தட்டையாகப் படியும், பிசிறு விடாது. பருத்தி முறுக்கில் நிற்பது, முறுக்கு தளர்ந்தால் பஞ்சு. பதினான்கு வருடம் நூலோடு கிடந்தவருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

நூல் கிடைத்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்தாலே அனுசியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா பிரஷ் செய்துவிட்டால் சரி. அப்பா வேண்டாம்.

"ஏன் தாயி?"

"நீங்கதான காலைப் புடிச்சீக."

அவர் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். மகள் தூங்கிவிட்டாளா என்று பார்த்தார். தூங்கும்போது செய்துவிடலாமா என்று குனிந்து, பயந்து, திரும்பினார். ஒரு மாதம் போனது. ஒன்றரை மாதமும் போனது.

"வாயத் தொறந்தா முட்டாய் வாங்கித் தாரேன்."

ராமலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பல்லைக் காப்பாத்த முட்டாயா? நல்லாத்தான் இருக்கு ஒங்க வைத்தியம்."

ஒரு நாள் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து தெரு முழுக்கத் தறி ஓயவும் காது அடைத்தது போல் ஆனது. தறிகளுக்கு நடுவே நடக்கத் தேவையில்லாமல் ராஜகுரு வீட்டுச் சுவர்க் கண்ணாடி முன் நின்று, வேறு வேலை இல்லாததால், தன் பல்லிலேயே நூலை விட்டுப் பார்த்தார். முழங்கை சுவரில் இடித்தது. நூல் கடைவாயில் மாட்டிக்கொண்டு, ஒரு முனை உதட்டிலிருந்து தொங்கியது.

அனுசியா சிரித்தாள். "அப்பா, ஒங்க வாயில பட்டம் மாட்டிக்கிருச்சு."

"எடுத்து விடு பாப்போம்."

தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். அவள் அவர் மடியில் ஏறி, நூலை விரலில் சுற்றி இழுத்தாள். வந்தது. அத்தோடு விடவில்லை. அடுத்த சந்தில் விட்டாள், ஈறில் குத்தியது. அவர் தலை பின்னால் போனது.

"ஆடாதீக. நான் இருக்கேன்ல." பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள்: "யம்மா! இங்க வந்து அப்பா காலைப் புடி!"

ராமலட்சுமி வந்து பார்த்தார். ராஜகுரு இமைகூட ஆட்டவில்லை. கண்ணோரம் நனைந்திருந்தது. குத்தியதால்தான் என்று பிறகு சொன்னார். கரண்ட் வரும்வரை அவள் விடவில்லை, அவரும் எழவில்லை. இது இரண்டாம் முறை.

முடிந்ததும் கேட்டார்: "இப்ப எனக்கு ஒரு சந்து தருவியா?"

யோசித்தாள். "ஒன்னே ஒன்னு. நான் 'ம்'முன்னா கைய எடுத்துரணும்."

"எடுத்துருவேன்."

நூல் உதட்டைத் தொடும் முன்பே 'ம்' என்றாள். எடுத்தார். மறுபடி 'ம்'. எடுத்தார். ஏழாவது தடவைக்குப் பிறகு நூல் இடது பக்கத்துச் சந்தில் இறங்கியது. பல்லை அணைத்தாற்போல் மேலும் கீழும் இரண்டு தடவை. எடுத்துவிட்டார். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் இரண்டு சந்து. வாரக் கடைசியில் பிரஷ்ஷும் அவர் கைக்கு வந்தது. முதலில் மகள் அவருக்கு, பிறகு அவர் மகளுக்கு. இந்த வரிசை இரண்டு வருடம் மாறவில்லை.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா பல்லைத் தட்டிப் பார்த்தார். "இதை எடுக்க வேண்டாம். அதுவா விழும்."

பத்தரை வயதில் ஒரு காலையில் அது தானாகவே விழுந்தது. கூரையில் வீச வேண்டும் என்றார் ராமலட்சுமி. ராஜகுரு தரவில்லை. காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தறிக்குப் போனார்.

மகள் இப்போது நூற்பாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். இழையின் முறுக்கும் இழுவையும் அளப்பது வேலை. அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அந்தப் பல்லைத் தேடினாள். கருவிப் பெட்டி, சட்டைப் பைகள், தறிக்கூட மாடம். இல்லை. காளீஸ்வரனைக் கேட்டாள்.

"பல்லா? எங்கிட்ட மட்டும் மூணு தடவை காட்டினான். 'தானா விழுந்துச்சுடா, நான் காலைப் புடிக்கல'ன்னு. எங்க வச்சான்னு தெரியலையே தாயி."

அவள் இன்னொரு முறை தறிகளுக்கு நடுவே நடந்து பார்த்தாள். அப்பா நடந்த தடம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது.