அம்மா எடுத்து வைத்த சொல்

சிங்கப்பூரில், கிளமெண்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டில், ஃபிரிட்ஜ் கதவின் மேல்பகுதியில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கு நேராக வரும் உயரம் அது. படத்தில் இருந்தவள் எங்களுக்கு உறவில்லை. இருபத்திரண்டு வயதிருக்கும், சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாத முகம். தினமும் காலையில் பால் கலக்கும்போது அம்மா குழந்தையோடு அந்தக் கதவருகே போய் நிற்பார். “இது யாரு? இதான் அம்மா. அம்மாவைப் பாரு,” என்பார். குழந்தை படத்தைப் பார்க்காது. பேசுகிற வாயைத்தான் பார்க்கும். அம்மா அதன் கன்னத்தை மெல்லத் தொட்டு முகத்தைப் படத்தின் பக்கம் திருப்பிவிடுவார்.

அந்தக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு முன்கதை ஒன்று உண்டு. எனக்குப் பத்து வயதானபோது அம்மாவுக்கு மறுபடியும் குழந்தை தங்கியது. இடையில் இரண்டு முறை தங்காமல் போயிருந்ததால் வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. ஐந்து மாதம் தாண்டிய பிறகுதான் அம்மா என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தார். உள்ளே ஒரு மீன் வாலை அடித்துத் திரும்பியது போல இருந்தது. வெளியே பேசுவது அதற்குக் கேட்கும் என்று டாக்டர் சொன்னாராம். அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் என் தமிழ்ப் பாடத்தை அந்த வயிற்றுக்கு வாசித்துக் காட்டுவேன். சில வரிகளுக்கு உதைக்கும். வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு மாலை, நான் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா புத்தகத்தை மூடச் சொன்னார். “காலையிலேருந்து அசையல,” என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை.

ஸ்கேனில் துடிப்பு இல்லை. ஆனாலும் வலி வரவைத்துப் பெற்றெடுக்கத்தான் வேண்டியிருந்தது. பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தங்கச்சி என்று அப்பா மட்டும் ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. அம்மா வீட்டுக்கு வந்த சில நாளில் அவருக்குப் பால் சுரந்தது. குழந்தை இல்லை என்ற சேதியை உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலும். மார்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, சட்டை நனைந்திருக்க, அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் போனபின், பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளைத் தற்காலிகமாக வளர்த்துக்கொடுக்க வீடுகள் தேவை என்ற அறிவிப்பை அம்மா எங்கோ பார்த்துவிட்டு வந்தார். அப்பா ரயில் பணிமனையில் டெக்னீஷியன். எதையும் மறுத்துப் பேசாதவர், இதை மறுத்தார். “வேணாம்லா. நாளைக்குத் திருப்பிக் கேப்பாங்க. அப்போ என்ன செய்வே?” என்றார். திருப்பிக் கொடுப்பேன் என்றார் அம்மா.

பயிற்சிகள், வீட்டைப் பார்க்க வந்தவர்கள், கேள்விகள் எல்லாம் முடிந்து ஒரு பகல் வேளையில் சமூகநல அதிகாரி அந்தக் குழந்தையைக் கொண்டுவந்தார். அவர் ஒரு சீனப் பெண்மணி, மெதுவாகப் பேசுவார். குழந்தைக்கு ஆறு வாரம். பெற்றவள் சிறையில் இருந்தாள். எதற்காக என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் அதிகாரி வற்புறுத்தினார்: தாய் வெளியே வந்ததும் பிள்ளை தாயிடம் போகும், அதனால் உங்களை ‘அம்மா’ என்று கூப்பிடப் பழக்காதீர்கள். அம்மா தலையாட்டினார். புகைப்படத்தைக் கேட்டு வாங்கியது அம்மாதான்.

குழந்தையின் உண்மைப் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பதால் நாங்கள் குட்டி என்று கூப்பிட்டோம். வந்த புதிதில் குட்டி கைகளை இறுக மூடியே வைத்திருந்தாள். கதவு சாத்தும் சத்தத்துக்கு இரண்டு கைகளையும் விரித்து, விழப்போகிறவள் போலக் காற்றைப் பிடிப்பாள். அம்மா மணிக்கணக்கில் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார். மெல்ல மெல்லக் கை திறந்தது. ஒருநாள் குளிப்பாட்டித் துவட்டும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். தூக்கத்தில் தானாக வரும் சிரிப்பு இல்லை, ஆளைப் பார்த்து வந்த சிரிப்பு. அம்மா துண்டை அப்படியே பிடித்தபடி நின்றுவிட்டார். பிறகு கழுத்து நின்றது. குப்புற விழுந்தாள், விழுந்துவிட்டுத் திரும்பத் தெரியாமல் கத்தினாள். அப்பா வேலை முடிந்து வந்து, சீருடையைக் கூட மாற்றாமல், தரையில் அவளுக்கு எதிரே குப்புறப் படுத்துக்கொள்வார். வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். முதல் பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தபோது அம்மா கொழுக்கட்டை செய்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். யார் பிள்ளைக்கு என்று கேட்ட, மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் அண்டை வீட்டு மலாய்க்கார அம்மாளிடம், “எங்க வீட்டுப் பிள்ளைக்கு,” என்றார். அந்த ஒரு நாள் மட்டும் அப்படிச் சொன்னார்.

ஏழாம் மாதம் முடியும் தறுவாயில் குட்டியின் வாயிலிருந்து சத்தங்கள் தொடர்ந்து வரத் தொடங்கின. உதடு ஒட்டினால் எந்தக் குழந்தைக்கும் முதலில் வருவது ‘ம’ என்ற ஒலிதானே. ஒருநாள் மதியம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார், குட்டி தவழ்ந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து, தெளிவாக “ம்மா” என்றாள். அம்மாவின் முகம் மலர்ந்ததையும் உடனே அது அடங்கியதையும் நான் பார்த்தேன். குனிந்து அவளைத் தூக்கி, “அத்தை. நான் அத்தை. அத்தை சொல்லு,” என்றார். அவள் மறுபடியும் “ம்மா” என்றாள். “இல்லடா, அத்தை,” என்றார் அம்மா. குரல் ஒவ்வொரு முறையும் சிறிதாகிக்கொண்டே போயிற்று. அந்தச் சொல்லை இன்னொருத்திக்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். குட்டி கடைசியில் “த்த” என்று சொல்லக் கற்றுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பெற்றவள் விடுதலையானாள். வாரம் ஒருமுறை அதிகாரியின் அலுவலகத்தில், பொம்மைகள் கிடக்கும் ஓர் அறையில், தாயும் பிள்ளையும் சந்திக்க ஏற்பாடாயிற்று. மூன்று மாதத்துக் குட்டியாக இருந்திருந்தால் யாரிடமும் போயிருப்பாள், யாரைப் பார்த்தும் சிரித்திருப்பாள். ஆனால் அது குழந்தைக்கு ஆள் தெரியத் தொடங்கும் பருவம். தன் ஆள் யார், அயலார் யார் என்று பிரித்துவிட்டாள். அந்தப் பெண் ஆசையாகக் கை நீட்டியதும் குட்டி மூச்சு நின்றுவிடுமோ என்று பயப்படும்படி அலறி, அம்மாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தப் பெண் நின்றாள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போயிருந்தேன். “என்னைப் பாத்தா பயப்படுறாக்கா,” என்று மட்டும் சொன்னாள். அவளும் அழவில்லை, அம்மாவும் அழவில்லை. அழுதது குட்டி மட்டும்தான்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா யோசித்துக்கொண்டே வந்தார். அடுத்த சந்திப்பில் அந்தப் பெண்ணிடம் அவள் போட்டுக் கழற்றிய டி-சட்டை ஒன்றைக் கேட்டார், துவைக்காமல். அவள் கூச்சத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். அன்றிரவு முதல் அந்தச் சட்டையைத் தன் தோளில் போட்டு, அதன் மேல் குட்டியைச் சாய்த்துத் தூங்கவைத்தார் அம்மா. வாசனை போனதும் வேறு சட்டை வந்தது. இவர் வாசனையும் அவள் வாசனையும் முதலில் கலந்திருக்க வேண்டும், பிறகு அவளுடையது மட்டும் பழக வேண்டும் என்பது அவர் கணக்கு. பின்பு தன் தோளிலிருந்து எடுத்து மெத்தையில் அந்தச் சட்டையோடு படுக்கவைத்தார். சந்திப்புகளின்போது முதலில் பக்கத்தில் உட்கார்ந்தார், பிறகு கதவருகே, பிறகு கதவுக்கு வெளியே. தூக்கும்போது எப்படித் தட்டினால் அடங்குவாள், கஞ்சியில் எதைச் சேர்த்தால் துப்பாமல் சாப்பிடுவாள் என்று எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். தன்னை அந்தக் குழந்தையிடமிருந்து தானே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்தார். இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. அப்பா அந்த மாதங்களில் தரையில் படுப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு வயது நிறைந்து சில வாரங்களில் குட்டி போனாள். வாசலில் அதிகாரியும் அந்தப் பெண்ணும் நின்றார்கள். அம்மா குட்டியைத் தூக்கி முத்தமிடவில்லை, முத்தமிட்டால் பிள்ளைக்கு ஏதோ தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார். தரையில் இறக்கிவிட்டு, “அம்மாகிட்ட போ,” என்றார். குட்டி இரண்டு அடி தள்ளாடி, அந்தப் பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டு, “ம்மா” என்றாள். அந்தப் பெண் உட்கார்ந்து அழுதாள். லிஃப்ட் கீழே போன பிறகு அம்மா கதவைச் சாத்திவிட்டு, “அழாம போயிட்டா. அதுதான் வேணும்,” என்றார். அதன்பின் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இந்த முறையும் யாராலும் அவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை. வேறு குழந்தையை எடுக்கிறீர்களா என்று அதிகாரி பிறகு கேட்டபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

குட்டியை இன்னும் ஒரே ஒரு முறை பார்த்தோம். நான்கு வருடம் கழித்து, தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது ‘அக்கா’ என்று யாரோ கூப்பிட்டார்கள். அந்தப் பெண், சற்றுப் பூசினாற்போல் இருந்தாள். பக்கத்தில் பள்ளிப் பையோடு ஒரு சிறுமி. “அத்தைக்கு வணக்கம் சொல்லு,” என்றாள் தாய். சிறுமி தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, எந்த அயலாரையும் பார்ப்பது போல அம்மாவைப் பார்த்தாள். தனக்கு ஒரு சலவைக் கடையில் வேலை என்று அந்தப் பெண் சொன்னாள், பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, “தூங்குறப்ப என் காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் இவளுக்குத் தூக்கமே வரும். எங்க பழகினான்னே தெரியலக்கா,” என்றாள்.

குட்டி இருந்த காலம் முழுக்க அம்மா தோடு போடவில்லை. அவள் தூக்கத்தில் காது மடலைப் பிடித்து இழுப்பாள் என்பதற்காகக் கழற்றி வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர் இதை மட்டும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. “சின்னப் பிள்ளைங்க அப்படித்தான், எதையாவது பிடிச்சுக்கும்,” என்றார். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், “அவளுக்கு ஞாபகம் இல்ல, பாத்தியா,” என்றவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, கிளமெண்டி வரும்வரை அழுதார். ஒரு மனிதரை மனிதராக்கும் அந்த முதல் வருடம் அந்த மனிதரின் நினைவில் நிற்பதே இல்லை. அதைக் கொடுத்தவர்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

இப்போது பொங்கோலில் என் வீட்டில் என் மகனுக்கு ஒன்பது மாதம். அவனைப் பார்த்துக்கொள்ள அம்மா ரயிலேறி வருகிறார். போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் அவனை வாங்கக் கை நீட்டியபோது அவன் முதன்முறையாக அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஆள் தெரிய ஆரம்பித்துவிட்டது என்று எல்லோரும் சிரித்தோம். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, அவனை இறக்கிவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று குனிந்தேன். அம்மா சட்டென்று எழுந்து அடுப்பை அணைத்தார்.

“கீழ விடாத,” என்றார். “கொஞ்ச நேரம் அப்படியே வெச்சுக்கோ.”