மாட்டுங்காவில் நான் போட்ட துண்டு

அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் அரைக்கும் மில்லு வைத்தது நான். திருச்சுழி ரோட்டில், பாறைதான் வரும் என்று மூன்று பேர் கைவிட்டுப் போன இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டது நான். ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியது, காரியாபட்டிச் சந்தைக்குச் சொந்த வண்டியில் லோடு இறக்கியது, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியது, எல்லாம் நான்தான். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். இந்தப் புத்தகத்தையும் நானேதான் எழுதுகிறேன். பிழை திருத்துவது மட்டும் என் மருமகன்.

இதெல்லாம் உள்ளூர்ச் சாதனை. சொந்த ஊரில் கிணறு வெட்டுவது பெரிதில்லை. பம்பாய்க்குப் போய், பார்க்கிறவன் எவனும் வெளியூரான் என்று சொல்ல முடியாதபடி பம்பாய்க்காரனாக இருப்பதுதான் பெரிது. அதை நான் பதினோரு நாளில் முடித்தேன்.

அறுபதுகளின் கடைசி. மழை தொடர்ந்து ஏமாற்றியிருந்தது. கரிசல் பிளந்து, ஆட்டுக்குட்டியின் கால் மாட்டுகிற அளவுக்கு வெடிப்பு. அப்போது மல்லாங்கிணற்று அண்ணாச்சி ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். பம்பாயில் ஒரு குஜராத்தி சேட்டின் வத்தல் கிட்டங்கியில், அதாவது மூட்டை அடுக்கும் குடோனில், வேலை பார்ப்பவர். என்னையும் அங்கே சேர்த்துவிடுகிறேன் என்றார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் முப்பது பேருக்கு முன்னால் நான் சத்தமாகச் சொன்னேன்.

"வந்தா பம்பாய்க்காரனாத்தான் வருவேன். இல்லாட்டி இந்த ஊருப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்."

"படுக்க எடமும் கெடையாதுண்ணே," என்றான் தம்பி. "ஒங் கட்டில நேத்தே நான் எடுத்துக்கிட்டேன்."

ஆக, திரும்பி வர எனக்குக் கட்டில்கூட இல்லை. இது முக்கியம்.

பம்பாயில் மாட்டுங்கா என்ற பகுதியில் ஒரே அறையில் நம் பக்கத்து ஆட்கள் எட்டுப் பேர். முதல் நாளே அண்ணாச்சி எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஏலே, அண்ணாந்து கட்டடத்தப் பாக்காத. பாத்தா ஊர்க்காரன்னு தெரிஞ்சிரும். வேல இருக்கோ இல்லையோ, வெரசா நட. எவங்கிட்டயும் வழி கேக்காத. ஒன்ட்ட எவனும் வழி கேட்டா, கைய நல்லா நீட்டிக் காட்டு."

"எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"எந்தப் பக்கமாச்சும். கை நடுங்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

அப்படியே செய்தேன். கோயில் கேட்டவரைக் கடலுக்கும் கடல் கேட்டவரை மார்க்கெட்டுக்கும் அனுப்பினேன். ஒருவரும் திரும்பி வந்து சண்டை போடவில்லை. நாலாம் நாள், ஒரு பம்பாய்க்காரரே என்னிடம் வழி கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்தது ரயில். கிட்டங்கி மசூதி பந்தரில். மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயிலில் போக வேண்டும். முதல் எட்டு நாளும் அண்ணாச்சி என்னைத் தோளால் முட்டி, மூட்டை ஏற்றுவது போல ஏற்றிவிட்டார். ஒன்பதாம் நாள் முதல் அவருக்கு விடியற்காலை லோடு இறக்கும் வேலை வந்துவிட்டது. நான் தனி ஆள். சேட்டு ஒரு சட்டம் வைத்திருந்தார்: மூன்று தரம் பிந்தி வந்தால் ஊருக்கு டிக்கெட்.

ஒன்பதாம் நாள், கூட்டமாக வந்த வண்டிகளை விட்டுவிட்டேன். அடுத்தது காலியாக வரும் என்பது நம் ஊர் நியாயம். பம்பாயில் அந்த நியாயம் கிடையாது. பிந்திவிட்டது. பத்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். ஏறியது சரி, மசூதி பந்தரில் இறங்க முடியவில்லை. கடைசி ஸ்டேஷன் வரை கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதுவும் பிந்தியதுதான்.

பதினோராம் நாள் காலையில் பிளாட்பாரத்தில் நின்று யோசித்தேன். யோசித்ததும் விளங்கியது. இவ்வளவு பெரிய பட்டணத்தில் யாருக்கும் துண்டு போடத் தெரியவில்லை!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அருப்புக்கோட்டை ஸ்டாண்டுக்குள் திருச்சுழி பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட வேண்டும். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரனுக்கு. அதற்குப் பிறகு அவன் டீ குடித்து, வெற்றிலை போட்டு, நிதானமாக ஏறலாம். எடுத்துப் போட்டுவிட்டு எவனாவது உட்கார்ந்தால் அவன் அப்பன் பாட்டன் பெயரெல்லாம் சந்திக்கு வந்துவிடும். தாசில்தாரே ஆனாலும் துண்டைக் கண்டால் நின்றுகொண்டுதான் வருவார்.

வண்டி வந்தது. தோளில் கிடந்த சிவப்புக் கரைத் துண்டை உருட்டி, ஜன்னல் கம்பிக்கு இடையில் எறிந்தேன். அது ஒரு தடித்த மனிதரின் மடியில் விழுந்தது. அது என் குற்றமில்லை. இடம் அவர் மடிக்குக் கீழே இருந்தது. நான் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

வேறொருவனாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பான். நான் வைக்கவில்லை. இடம் போட்டாகிவிட்டது. போன வண்டி திரும்பித்தானே வர வேண்டும்? எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய் நின்றேன்.

முதலில் தும்மல் சத்தம்தான் வந்தது. பின்னால் வண்டி வந்தது. அந்தப் பெட்டியின் வாசலில் பத்துப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு தொங்கினார்கள். உள்ளே ஜன்னலோர மரப் பெஞ்சில் என் துண்டு தனியாகக் கிடந்தது. பத்து நாள் கிட்டங்கியில் வத்தல் மூட்டை சுமந்த துண்டு. உதறினால் ஒரு படி சாம்பாருக்குக் காரம் தேறும். தடித்த மனிதரும் இல்லை, பக்கத்துப் பெஞ்சு ஆட்களும் இல்லை. எனக்கு அந்த நெடி பழகிப்போயிருந்தது. ஏறினேன், உட்கார்ந்தேன்.

வண்டி எதிர்த்திசையில் போகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்காகப் போட்ட இடத்தை விட்டு எழுந்திருப்பார்களா? வண்டி திரும்புகிற தாணா ஸ்டேஷன் வரைக்கும் போய், அதே வண்டியில் அதே இடத்தில் உட்கார்ந்து திரும்பி, மசூதி பந்தரில் இறங்கினேன். இறங்குவதற்கும் கஷ்டமில்லை. நான் துண்டைத் தோளில் போட்டதும் வழி தானாக விட்டார்கள்.

கிட்டங்கிக்குள் நுழையும்போது உச்சி வெயில். சேட்டு சுவர்க் கடிகாரத்தைக் காட்டி இந்தியில் ஏதோ சொன்னார்.

"ஏலே, மூணாவது வாட்டி," என்றார் அண்ணாச்சி. அவர் முகம் செத்துப்போயிருந்தது. "படுக்கயச் சுருட்டுங்காரு."

பஸ் ஸ்டாண்டில் நின்ற முப்பது பேரும், என் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு தம்பியும் கண்முன் வந்தார்கள்.

"அண்ணாச்சி, நான் உக்காந்து வந்தேன்னு சொல்லுங்க."

"ஏலே, என்ன நேரத்துல என்ன வெளையாட்டு?"

"சத்தியமா. சும்மா உக்காரல. கால நீட்டி உக்காந்து வந்தேன். பக்கத்துல ஒரு ஈ காக்கா கெடையாது."

அண்ணாச்சி தயங்கித் தயங்கி அதை இந்தியில் சொன்னார். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். சேட்டு கண்ணாடியைக் கழற்றினார். என்னிடம் ஏதோ கேட்டார்.

"கால நீட்டியாங்காரு," என்றார் அண்ணாச்சி.

நான் தரையில் உட்கார்ந்து, எவ்வளவு நீட்டினேன் என்பதைக் காட்டினேன்.

சேட்டுக்கு வீடு காட்கோபரில். முழங்கால் வலிக்காரர். இருபத்திரண்டு வருடமாக அந்த ரயிலில் நின்றுகொண்டே வருகிறவர். அவர் உட்கார்ந்ததை யாரும் பார்த்தது கிடையாது. அண்ணாச்சி அவர் சொன்னதைக் கேட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளக்கிக் காலம்பற காட்கோபருக்கு வரணுமாம். அவுகளுக்கு எடம் போட்டுக் குடுத்தா வேல நெலைக்கும். இல்லாட்டி அந்த ஸ்டேசன்லயே ஒனக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துருவாகளாம்."

அன்று நான் துண்டைத் துவைக்கவில்லை. மாறாக, வத்தல் கொட்டிக் கிடந்த இடத்தில் இரண்டு புரட்டுப் புரட்டினேன். தொழிலில் கவனம் வேண்டும்.

மறுநாள் காட்கோபரில் வண்டி நிற்கும் முன்பே எறிந்தேன். துண்டு ஜன்னலுக்குள் விரிந்து விழுந்தது. முதலில் ஒருவர் தும்மினார். பிறகு மூன்று பேர். பிறகு பெஞ்சு மொத்தமும் எழுந்து அடுத்த பக்கம் போனது. சேட்டு ஏறி, தலைப்பாகை கோணாமல், மெதுவாக உட்கார்ந்தார். முப்பது வருடம் வத்தல் வியாபாரம் செய்த மூக்கு. ஒரு தும்மல் இல்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார். பைகுல்லா வரும்போது அவர் கண் கலங்கியிருந்தது. காரத்தினால் என்று அண்ணாச்சி பிற்பாடு சொன்னார். காரம் அவரை ஒன்றும் செய்யாது என்று இப்போதுதான் எழுதினேன்.

அன்றிலிருந்து ஏழு வருடம் அந்தக் கிட்டங்கியில் இருந்தேன். ஒருநாள்கூட நின்று போகவில்லை.

சொல்ல வேண்டியது இனிமேல்தான். ஒரு மாதத்துக்குள் காட்கோபரில் ஒரு குமாஸ்தா கைக்குட்டையை எறிந்தார். அடுத்த வாரம் குர்லாவில் ஒருவர் பேப்பரை எறிந்தார். அப்புறம் குடை, பை, சாப்பாட்டு டப்பா. அந்தப் பட்டணமே ஜன்னல் வழியாக எறிய ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கும் அங்கே கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறார்கள் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். அது பம்பாய் வழக்கம் என்றும் சொல்கிறார்கள். பம்பாய் வழக்கமா? நான் போவதற்கு முன்னால் ஒரு மனிதனுக்குத் தெரியுமா? அதிலும் வத்தல் இல்லாமல் வெறும் கைக்குட்டையைப் போடுகிறார்கள். அரைகுறை வேலை.

மல்லாங்கிணற்றில் இன்னொரு பேச்சு நடக்கிறது. துண்டு யோசனை அண்ணாச்சியுடையதாம். அவர் காலமாகிவிட்டார், நல்ல மனிதர். அவர் என்னை ரயிலில் முட்டி ஏற்றினார், சேட்டிடம் இந்தியில் சொன்னார். அந்த இரண்டையும் அவர் கணக்கில் எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. துண்டு என்னுடையது. எறிந்த கையும் என்னுடையது. வேலை போயிருந்தால் போயிருப்பதும் என்னுடைய வேலைதான். ஆகவே மாட்டுங்கா ஸ்டேஷனில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், இந்த இடத்திலிருந்துதான் முதல் துண்டு போடப்பட்டது என்று ஒரு பலகை வைக்க வேண்டும். போட்டவன் அருப்புக்கோட்டைக்காரன் என்று அதில் தமிழிலும் எழுத வேண்டும். செலவு என்னுடையது. பலகையை நானே செய்து கொண்டுவரவும் தயார். மாட்டுவதற்கு ஆணி மட்டும் ரயில்வேக்காரர்கள் அடித்துக் கொடுத்தால் போதும்.