நூறு வருஷப் பூட்டுக்கு மூன்று கிலோ சாம்பிராணி

என் வீட்டுக்காரர் ஹனிபாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தெங்கேராவில் மசாலா, அத்தர், சாம்பிராணி விற்கும் கடை எங்களுடையது. பழைய சுரங்கங்களைத் தேடிப் போவது அவருடைய பொழுதுபோக்கு என்பது கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். அரைக் கிலோ சீரகம் வாங்க வந்தவரைக்கூட அவர் விட்டதில்லை. உள்ளே எப்படி இருட்டும், வௌவால் எப்படி முகத்தில் அடிக்கும் என்று, சீரகத்தை நிறுக்காமல் சொல்லிக்கொண்டே நிற்பார்.

உண்மை எனக்கும் சற்குணம் அண்ணனுக்கும்தான் தெரியும். மூன்று வருஷத்தில் ஒன்பது சுரங்கம் போயிருக்கிறார். ஒன்றிலும் வாசலைத் தாண்டவில்லை.

சற்குணம் அண்ணன் யாழ்ப்பாண வழிக் குடும்பத்துக்காரர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்று, புக்கிட் பெருவாங்கில் இருக்கிறார். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. தேதி, இடம், உள்ளே போனவர், போன தூரம் எல்லாம் கோடு போட்டு எழுதுவார். என் வீட்டுக்காரர் பெயருக்கு எதிரே ஒன்பது தடவையும் ‘வாசலில் நின்றார்’ என்றுதான் இருக்கும். ஒரு தடவை முட்டி வலி. ஒரு தடவை பூட்ஸ் ஈரம். ஒரு தடவை, “ரெண்டு பேரும் உள்ள போயிட்டா கார யாருலா பாக்குறது?”

போன மாதம் அண்ணன் கடைக்கே வந்து சொல்லிவிட்டார். “பத்தாந்தரமும் இதையே எழுத என்னாலை ஏலாது ஹனிபா. இந்த முறையும் வெளியிலை நிண்டீரெண்டால் உம்மடை பேரை வெட்டிப்போட்டு நான் தனியத்தான் போவன்.”

அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமைதோறும் அண்ணனோடு காடு சுற்ற, வெள்ளிக்கிழமையே பூட்ஸைத் துடைத்து வைக்கிற மனுஷன். வேறு நண்பரும் இல்லை. எனக்கு வேறு கவலை. பேரை வெட்டினால் சனிக்கிழமை முழுக்க இவர் வீட்டில் இருப்பார். அதைத் தாங்க என்னால் ஆகாது.

மறுநாள் முகம் தெளிந்து வந்தார். “ஹஃப்சா, தப்பு எங்கன்னு புடிச்சிட்டேன். பூட்டிக் கெடந்த எடத்துக்குள்ள சாம்பிராணி போடாம நாம கால் வைப்போமா? அதான் எனக்கு கால் வரல.”

எங்கள் கடையில் அது வழக்கம்தான். நோன்பு மாதம் பூட்டிக் கிடந்த பின்கட்டு ஸ்டோரை, பெருநாள் முடிந்து பிஸ்மி சொல்லித் திறந்ததும் ஒரு பிடி சாம்பிராணி போட்டுப் புகை காட்டிய பிறகே உள்ளே போவோம். இவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். “ஒரு மாசத்துக்கு ஒரு பிடி. இப்ப போகப் போற சுரங்கத்துல ஆள் கால் வச்சு நூறு வருஷம். ஆயிரத்து எரநூறு பிடி.” கொஞ்சம் யோசித்தார். “மூணு கிலோ போதும். அல்லா மன்னிப்பான்.”

சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். ஆசாஹான் தாண்டி, லேடாங் மலையடிவாரக் காட்டில் ஒரு மணி நேரம் ஏறினோம். அட்டை என்னைத்தான் கடித்தது. சுரங்க வாய் பாறைக்கும் பெரணிச் செடிக்கும் நடுவில் கறுப்பாகத் திறந்திருந்தது. இவர் இரும்புச் சட்டியை வைத்துக் கரியை ஊதத் தொடங்கினார். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

“நீர் ஊதிக்கொண்டிரும். இதுக்கு மேலை எங்கையோ இன்னொரு வாய் இருக்கு, பழைய வரைபடத்திலை கண்டனான். பத்து நிமிசத்திலை வாறன்” என்று டார்ச்சையும் தன் பச்சை பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கரி கனன்றதும் இவர் மூன்று கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டினார். கடையில் சாம்பிராணி போட்டால் புகை தெருப்பக்கம்தான் வரும். இங்கேயும் அப்படித்தான் வரும் என்று நினைத்தார். சுரங்கமோ அத்தனை புகையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே எங்களுக்கு வாசம்கூட மிஞ்சவில்லை.

“அலாமா!” என்றார். “அண்ணே! அண்ணே!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். நான் சட்டியைக் கம்பால் புரட்டித் தள்ளி மண்ணைப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் இவரைக் காணோம். தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். விளக்கு வைத்த ஹெல்மெட் என் காலடியில் கிடந்தது.

முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியதில் நான் அவ்வளவு பயந்ததில்லை. ஓதக்கூட வாய் வரவில்லை.

அப்போது மேட்டிலிருந்து யாரோ சறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் விழுந்தார். தலையெல்லாம் சருகு, முகமெல்லாம் சேறு, ஒரே சிரிப்பு. சற்குணம் அண்ணன்.

“கண்டுபிடிச்சிட்டன் தங்கச்சி! புகைக்குப் பின்னாலை போனன், அது மற்ற வாயைக் காட்டிப்போட்டுது! ஹனிபா எங்கை?”

“உங்களத் தேடி உள்ள போயிட்டாருண்ணே!”

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“எழுதுறீங்களா? கூப்பிடுங்கண்ணே!” என்று கத்தினேன். அண்ணன் குனிந்து உள்ளே குரல் கொடுக்கப் போனார். அதற்குள் இருமல் சத்தம் கேட்டது. இவர் தவழ்ந்து வந்தார். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர். அண்ணனுடைய பச்சை பிளாஸ்கை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தார்.

“இது மட்டும்தான் கெடச்சிச்சு ஹஃப்சா. அண்ணன நானே கொன்னுட்டேன்” என்று தேம்பினார்.

“அந்த பிளாஸ்க்கை நான் நூற்றிருபது அடியிலை வச்சனான்” என்றார் அண்ணன், எழுதிக்கொண்டே.

இவர் நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. பிறகு எழுந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு, முதுகில் இரண்டு அடியும் வைத்தார். “செத்துட்டீங்கன்னு நெனச்சேன்லா!” அண்ணன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஹனிபா, உள்ளே போனார், நூற்றிருபது அடி. விளக்கு இல்லாமல்.

சனிக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. ஆனால் ஒரு விஷயம் இன்னும் புரியவில்லை. உள்ளே போகாமல் மூன்று வருஷம் கதை அளந்த மனுஷன், போய் வந்த பிறகு வாயே திறப்பதில்லை. யாராவது கேட்டால், “சும்மா போனோம்லா” என்று சீரகத்தைச் சரியாக நிறுத்துக் கொடுக்கிறார். அண்ணன் மூன்று தடவை பிளாஸ்கைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அது கடை மேசையில்தான் இருக்கிறது. இவர் கொடுக்கிறபாடில்லை.