குடைக்குள் அடுத்த ஆள்

என் காரின் பின்பக்கத்தில் ஒரு பெரிய குடை கிடக்கிறது. மெரூனும் வெள்ளையும் கலந்தது, பெட்ரோல் நிலையத்தில் இலவசமாகக் கொடுத்தது, ஒரு கம்பி ஒடிந்தது. தூக்கிப் போடு, புதுசு வாங்கித் தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம் சண்டைக்குப் போகிறேன். அதை விரிக்கும்போது வரும் 'டப்' சத்தம் கேட்டால் இப்போதும் எனக்குக் கால் ஓடத் துடிக்கும்.

அது எங்கள் மேனேஜர் அக்காவின் குடை. ஈப்போ நகரில் பெண் பிள்ளைகளுக்கான ஹாக்கி கிளப்பில் நான் ஆடிய காலம் அது. அக்காவுக்குப் பகலில் ஒரு கிளினிக்கில் வேலை, மாலையில் எங்களைக் கட்டி மேய்க்கும் வேலை. அந்தச் சமயத்தில்தான் எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி வந்தது. கிழடுகளுக்கு வருவது என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கும் வரும், தினமும் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அம்மா இடிந்துபோனாள். ரப்பர் தோட்டத்தை விட்டு நாங்கள் முன்பே நகரத்துக்கு வந்திருந்தோம். தோட்டத்து வம்பு வாய்களும் கூடவே வந்திருந்தன. பொம்பளைப் பிள்ளைக்கு ஊசி என்று தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்பது அவள் பயம். கோயில் அர்ச்சனையில்கூட என் பெயரைச் சொல்லாமல் 'குடும்பத்துக்கு' என்றுதான் சொன்னாள். ஐயர் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி. நான் அழுது புரண்டதால் ஆட விட்டாள், ஒரு நிபந்தனையோடு. விஷயம் கசிந்தால் அன்றோடு மட்டையை மூட்டை கட்டிவிட வேண்டும்.

அம்மா சொன்னதை முழுக்கக் கேட்ட அக்கா என் பக்கம் திரும்பினார்.

"கோச்சுக்கு மட்டும் தெரியணும்லா. நீ மயங்கி விழுந்தா அவருதான பக்கத்துல இருப்பாரு. சொல்லட்டா? நீ சரின்னாத்தான்."

என் உடம்பைப் பற்றி என்னையே கேட்ட முதல் ஆள் அவர்தான். ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருந்தது எனக்கு. தலையாட்டினேன்.

அதற்கு அடுத்த ஆட்டத்தில் குடை வந்தது. எங்கள் அணி வேனுக்குப் பின்னால் அதைச் சாய்த்து விரித்து, உள்ளே உட்கார ஐஸ் பெட்டியைப் போட்டு, "அடுத்த ஆளு" என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை. ஒன்றுமே இல்லாதவளும் உள்ளே போய் ஒரு மிட்டாயாவது வாங்கிக்கொண்டு வர வேண்டும். கோல் காக்கும் எங்கள் கோல்காரி ஒரு மாதா கோயில் பிள்ளை, அதற்குப் பாவசங்கீர்த்தனக் கூண்டு என்று பெயர் வைத்தாள். எல்லோரும் போவதால் நான் போவது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. எனக்காக ஓர் அணியையே வரிசையில் நிறுத்தியிருக்கிறாரே என்று எனக்குக் கர்வம் வேறு.

சித்தியவான் ஊர்த் திடலில் இறுதியாட்டம். கொளுத்துகிற வெயில், ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது கால்பகுதி ஆட்டத்தில் என் கை நடுங்கத் தொடங்கியது, பந்து இரண்டாகத் தெரிந்தது. கோச்சோடு பேசி வைத்தபடி காலுறையை இரண்டு முறை இழுத்துவிட்டேன். ஹாக்கியில் ஆளை மாற்றி மாற்றி இறக்குவார்கள் என்பதால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. குடைக்குள் ஓடினேன். அக்கா விரலில் குத்திப் பார்த்துவிட்டு சிராப் தண்ணியைக் கையில் கொடுத்தார். வெளியே கூட்டம் கத்துகிறது, உள்ளே எனக்கு உயிர் போகிறது.

அப்போதுதான் கிளப் தலைவர் வந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது. நன்றாக ஆடுகிற பிள்ளையை எதற்கு உட்கார வைத்திருக்கிறீர்கள், அவளுக்கு என்ன நோய், என்ன சாக்கிட், தலைவருக்கே தெரியக் கூடாதா என்று கேட்டார். பெற்றோர் வரிசை முழுவதும் திரும்பியது. என் அம்மாவும் அந்த வரிசையில்தான் இருந்தாள். இன்றோடு என் ஹாக்கி முடிந்தது என்றே நினைத்தேன்.

அக்கா குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.

"உள்ள வாரதுன்னா வரிசையில நில்லுங்க தலைவரே. உங்களுக்கும் பாக்குறேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அக்கா சிறிது நேரம் காக்க வைத்து, மறுபடி குத்திப் பார்த்துவிட்டு, போ என்றார். போனேனா, பறந்தேனா, தெரியாது. கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. நான் அடித்த பந்து கோல் பலகையில் மோதிய ஓசையைக் கேட்டேன். அதற்குப் பிறகு என் மேல் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று தெரியாது. அப்படியொரு சந்தோஷம்!

கோப்பையோடு படம் எடுக்கத் தலைவரைத் தேடினோம். ஆளைக் காணோம். வேனுக்குப் பின்னால் குடை மறுபடி விரிந்திருந்தது. அதன் அடியில் பெரிய கறுப்புச் சப்பாத்து மாட்டிய கால் ஒரு ஜோடி. வெகுநேரம் அது அசையவில்லை. வெளியே வந்தவர் தணிந்த குரலில் எங்கள் எல்லோருக்கும் சாப்பிட மீ கோரெங் வாங்கச் சொன்னார். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாருக்கு என்ன சாக்கிட் என்று அவர் அதன்பிறகு கேட்டதும் இல்லை.

இப்போது அதே கிளப்புக்கு நான்தான் மேனேஜர். குடை அக்கா கொடுத்துவிட்டுப் போனது. அண்மையில் எங்கள் பழைய அணி ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடியது, அக்காவும் வந்திருந்தார். கல்யாணமும் ஆயிற்று, பிள்ளையும் பிறந்தது, இனி என்ன என்று நானே வாயைத் திறந்தேன். எனக்கு இனிப்பு நீர், அந்தக் குடை எனக்காக விரித்ததுதான் என்று சொன்னேன்.

கோல்காரி தே ஓ தேநீர்க் கிளாசைக் கீழே வைத்தாள். "ஒனக்கா? எனக்குலா விரிச்சாங்க."

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பாம். மருந்து அக்காவின் பையில் இருந்ததாம். மூலையில் இருந்த இன்னொருத்தி கையை மட்டும் தூக்கினாள். என்னவென்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் தே ஓவை ஆற்றிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. காருக்கு ஓடிக் குடையை எடுத்து விரித்தேன். டப். கடை வாசலுக்கு அதைப் பிடித்துக்கொண்டு வந்தபோது எல்லோரும் தாமாகவே வரிசையில் நின்றிருந்தார்கள். அக்கா ஓரமாக நின்று, "அடுத்த ஆளு" என்றார்.