பெருகியதும் பெருகாததும்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் வெளியேறும் கதவைத்தான் தேடும். கல்யாண மண்டபம், சினிமாக் கொட்டகை, டாக்டர் வீடு, எல்லா இடத்திலும் அப்படித்தான். சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் உட்கார என்னால் ஆகாது. இவளுக்குக் காலில் சக்கரம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அறுபதுகளில் பூனாவில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இந்தப் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். அவருக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம். எல்லையில் சண்டை வந்தபிறகு தொழிற்சாலையில் ஆபத்து ஒத்திகைகள் அதிகமாயின. மணி அடித்தால் எல்லாரும் கொட்டகையை விட்டு வெளியே ஓட வேண்டும். தீயணைப்புப் படை வந்து சேர வேண்டும். யார் எப்படிச் செய்தார்கள் என்று ஒருவர் நின்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பெண்கள் கொட்டகையின் வாசல்தான் அவர்கள் உடை மாற்றும் அறையும். அங்கே எந்த ஆண் போய் நிற்பது? அலுவலகத்தில் இருந்த ஒரே பெண் நான். ஒரு ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கொட்டகையில் மருந்தை நிறுத்துச் சிறு பைகளில் அடைப்பார்கள். உலோகம் எதுவுமே உள்ளே போகக் கூடாது. எங்காவது உரசி ஒரு பொறி கிளம்பினால் கதை முடிந்தது. வாசல் அறையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புப் பலகை இருக்கும். செருப்பு, ஹேர்பின், ஊக்கு, மெட்டி எல்லாவற்றையும் பலகைக்கு இந்தப் பக்கமே கழற்றிவிட்டு வெறுங்காலோடு தாண்ட வேண்டும். சுவரில் வரிசையாக மர முளைகள். ஒவ்வொரு முளையிலும் ஒரு மங்களசூத்திரம், கறுப்பு மணியும் குட்டிப் பொன் கிண்ணமுமாகத் தொங்கும். ஒத்திகை நாளில் நானும் என் தாலியைக் கழற்றி அங்கேதான் மாட்டுவேன். கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே உள்ளே நிற்பேன்.

மணி அடித்ததும் எதையும் எடுக்காமல் ஓடு என்பது சட்டம். அவர்களும் பலகை வரைக்கும் நன்றாகத்தான் ஓடி வருவார்கள். பிறகு வாசல் அடைத்துக்கொள்ளும். எல்லாரும் சுவர்ப்பக்கம் கையை நீட்டி நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. நகைமேல் அத்தனை ஆசையா என்றுதான் நினைத்தேன். என் ஓட்டை இந்தியில் தொண்டை வறளக் கத்துவேன். அவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே போய், மண்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்று தலை எண்ணிக்கை கொடுப்பார்கள். நான் கோபத்தோடு குறைந்த மதிப்பெண் போடுவேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள், அம்மா. நிஜத் தீ என்றால் தானாக ஓடுவார்கள்" என்பார்.

நிஜத் தீயில் அந்த வாசல் என்னவாகும் என்பதே என் கவலை. வீட்டில் அடுப்பு மூட்டும்போதும் அதே நினைப்பு. குழம்பைக் கிளறுவதை விட்டுவிட்டுச் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பேன்.

ஒரு நாள் ஒத்திகையில் நெரிசல் அதிகமாகி ஒருத்தியின் மங்களசூத்திரம் அறுந்தது. கறுப்பு மணிகள் பலகையின் இரண்டு பக்கமும் சிதறின. "வாட்லா! வாட்லா!" என்று பெண்கள் அலறினார்கள். தீயணைப்புப் படையின் தலைவர் ஒரு பஞ்சாபிக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். வாட்லா என்றால் பெருகிவிட்டது என்று அர்த்தம் என்கிற அளவுக்கு அவருக்கு மராத்தி தெரியும். உள்ளே நிஜமாகவே தீப்பிடித்துப் பெருகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். குழாயைத் திறந்துவிட்டார் பாருங்கள், கொட்டகை, மருந்துப் பைகள், பெண்கள், நான், ஸ்டாப்வாட்ச் எல்லாம் தொப்பலாக நனைந்தோம்.

அவர் காரணம் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த ஈரத்தில் நின்றபடியே எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் தாலிக் கயிறு அறுந்தால் அறுந்தது என்று யாராவது சொல்வார்களா? அந்த வார்த்தை நாக்கில் வரவே கூடாது. பெருகிப்போச்சு என்றுதான் சொல்வோம். இவர்களும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் இவர்கள் முளையில் தேடியது நகையை இல்லை. வெறுங்கழுத்தோடு அத்தனை ஆண்கள் நடுவே, தீப்பிடித்த நேரத்தில் போய் நிற்பதா? புருஷன் உயிரை முளையில் மாட்டிவிட்டு ஓடுவதா? என் கையும் என் தாலியைத்தான் இறுகப் பிடித்திருந்தது. ஓடி வரும்போது எப்போது எடுத்தேனோ எனக்கே தெரியாது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒத்திகை நன்றாக நடந்தது என்று எழுதுங்கள். அடுத்த தடவையும் வாசல் அடைத்தால் இவர்களை நிறுத்திவிட்டு ஆண்களைப் போட்டுவிடுகிறேன்" என்றார்.

"பொய்யாக எழுத மாட்டேன். அவர்களை நிறுத்தவும் விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாய் பெரிதாகப் பேசிவிட்டது. ஏரவாடாவிலிருந்து விடியும் முன்பே நடந்து வருகிற பெண்கள் அவர்கள். வேலை போனால் வீட்டில் உலை ஏறாது. வேலை இருந்து வாசல் அடைத்தாலோ, ஆளே வீடு திரும்ப மாட்டாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு மூன்று நாள் அலைந்தேன். பிறகு ஒரு காலையில் சாம்பாருக்கு மஞ்சள் இடிக்கக் கிழங்கை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு நூல் கயிற்றில் அதை முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு, தாலியைக் கழற்றிச் சாமி படத்தடியில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "ஏம்புள்ள, பொன்னைக் கழட்டி வெச்சுட்டுக் கெழங்கக் கட்டிட்டுத் திரிவியா? ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"ஊர்ல கயிறு பெருகிப்போச்சுன்னா, திரும்பக் கோக்கற வரைக்கும் மஞ்சக் கெழங்குதானுங்க கட்டறாங்க? அதுக்காவ புருசனுக்கு ஏதாச்சும் ஆயிருதா?"

கிட்ட வந்து கிழங்கை முகர்ந்து பார்த்தார். "ஈரோட்டு மஞ்சளுதான? அப்பச் சரி. நான் கெட்டியா இருப்பன்" என்று சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கொட்டகையில் எல்லாரும் மாவ்ஷி என்று கூப்பிடுகிற ஒரு பெண்மணி இருந்தாள். மாவ்ஷி என்றால் சித்தி. மூத்தவள், முரட்டுக் குரல். அவள் தலையசைக்காமல் அங்கே ஒன்றும் நடக்காது. சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் போய் என் கழுத்தைக் காட்டினேன். பொன் முளையிலேயே இருக்கட்டும், கழுத்தில் இது இருக்கட்டும், இதில் உலோகம் இல்லை, இதோடு உள்ளே போகலாம், இதோடு ஓடலாம் என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"ஒங்க மத்ராஸ்ல என்ன வேணா கட்டிக்கோங்க, அம்மா. எங்க கறுப்பு மணி விஷயத்துல தலையிடாதீங்க" என்று பாக்கரி ரொட்டியைப் பிய்த்தபடி மராத்தியில் சீறினாள். சுற்றி இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "கல்யாணத்தன்னிக்கு ஒங்க கையில என்ன முடிஞ்சாங்க, மாவ்ஷி?"

"ஹள்குண்ட்" என்றாள். மஞ்சள் கிழங்கு. சொல்லிவிட்டு அவளே மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

மாவ்ஷி பாக்கரியைக் கீழே வைத்துவிட்டு என் கழுத்துக் கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தாள். "நூல் கறுப்பா இருக்கணும்" என்று முறைத்தாள். அடுத்த வாரம் அவள் கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு கிழங்கு தொங்கியது. மெல்ல மெல்ல மற்றவர்கள் கழுத்திலும் ஏறியது. பாதுகாப்பு அதிகாரி வந்து அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்; சட்டத்தில் மஞ்சளுக்குத் தடை கிடைக்காமல் திரும்பிப் போனார். அதற்குப் பின் நடந்த ஒத்திகைகளில் வாசல் அடைக்கவில்லை. ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. ஒத்திகையில் பொன்னை விட்டு ஓடுவது சுலபம், திரும்பி வந்தால் அது முளையிலேயே இருக்கும். நிஜத்தில்?

ஒரு மத்தியானம், ஒத்திகை எதுவும் இல்லாத நாளில், மணி அடித்தது. டைப் மெஷினில் தாள் பாதியில் நிற்க எழுந்து ஓடினேன். பெண்கள் கொட்டகைக் கூரையில் புகை. நான் வேப்பமரத்தை எட்டுவதற்குள் கொட்டகையின் பின்பக்கம் வெடித்தது. மண்மேட்டுக்குப் பின்னால் குப்புற விழுந்தேன். காது அடைத்துக்கொண்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால், பக்கத்தில் வெறுங்கால்கள். வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாகத் தொட்டு எண்ணினேன். எண்ணிக்கை தப்பாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள்.

கொட்டகை எங்கள் கண்ணெதிரே எரிந்தது. வாசல், சிவப்புப் பலகை, முளைகள், முளைகளில் தொங்கிய அத்தனை பொன்னும் அத்தனை கறுப்பு மணியும் அதற்குள்ளே இருந்தன. ஒருத்தி கையிலும் ஒன்றும் இல்லை.

தீயணைப்புத் தலைவர் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். மாவ்ஷி முன்னால் நின்றிருந்தாள். தீ அடுத்த கொட்டகைக்கும் பெருகிவிட்டதா என்று அவளிடம் அதே பழைய மராத்தியில் கத்தினார்: "வாட்லா கா?"

மாவ்ஷி எரிகிற வாசலைப் பார்த்தாள். பிறகு கழுத்துக் கிழங்கைக் கையால் பொத்திக்கொண்டு, "நாஹி வாட்லா" என்றாள். பெருகவில்லை.