மணல் வாளியும் கம்ப்யூட்டர் ரூமும்

கம்ப்யூட்டர் ரூமுக்குள் யார் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். எங்கள் நூல் மில்லில் அது கோயில் சட்டம் மாதிரி. தொண்ணூறுகளின் நடுவில், திருச்சுழிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, பந்தல்குடி ரோட்டில் இருந்த அந்த மில்லுக்குப் போய்வந்த முதல் கம்ப்யூட்டர்காரி நான். வெளியே கரிசல் புழுதி வாரியடிக்கும். உள்ளே ஏ.சி. போட்டு, வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைத்து, மெஷின்மேல் வெல்வெட் துணி போர்த்தியிருந்தோம். இனி இதற்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நம்பினோம். நானும்தான். வேறென்ன தெரியும் எனக்கு?

அன்று தூத்துக்குடிக்கு ஒரு லோடு போகவேண்டும். எங்கள் மில்லிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் முதல் நூல். தார்ப்பாய் கட்டி லாரி தயாராக நின்றது. எந்தப் பெட்டியில் என்ன ரகம், எவ்வளவு எடை என்ற பேக்கிங் லிஸ்ட் இல்லாமல் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். அது கம்ப்யூட்டரில் இருந்தது. சாயங்காலத்துக்குள் லோடு உள்ளே போகாவிட்டால் கப்பல் போய்விடும். மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "இந்த லோடு கப்பல் ஏறலைன்னா அந்த மெஷினும் வேணாம், நீயும் வேணாம்மா. பாத்துக்க."

பிரிண்ட் எடுக்கப் போனேன். திரையிலிருந்த ஓர் எழுத்து பொத்தென்று அடியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் வரிவரியாகச் சரிந்து, கீழே குப்பையாகக் குவிந்துவிட்டது. "ஏசப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆபீஸே எழுந்து வந்தது. வந்தவர்கள் அந்த அவசரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள்.

"ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போடும்மா" என்றார் அக்கவுண்டன்ட். "ஐயய்யோ, ஆஃப் பண்ணிராதீக, உள்ள இருக்கது போயிரும்" என்றார் எலக்ட்ரீஷியன். "முதல்ல எவன் கைய வச்சான்னு சொல்லுங்க" என்று மேனேஜர் கத்தினார். யார் சொல்வதைக் கேட்பது? மூன்று பேரும் எனக்குப் பெரியவர்கள்.

அதற்குள் அக்கவுண்டன்ட் மேசை டிராயரைத் திறந்து, நான் லிஸ்ட்டைக் காப்பி எடுத்து வைத்திருந்த பிளாப்பியை உள்ளே செருகிவிட்டார். அது திறக்கவில்லை. "அடுத்ததப் போட்டுப் பாப்போம்" என்றார். அதுவும் போயிற்று. இருந்ததே அந்த இரண்டுதான். அவ்வளவு பொறுப்பான மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அவர் கையைத் தட்டிவிடலாம் போல எனக்குக் கோபம் வந்தது.

"மெஷின மாட்டிக் குடுத்த மதுரை இன்ஜினீயருக்குப் போனப் போடு" என்றார் மேனேஜர்.

"நம்பர் இதுக்குள்ளதான் சார் இருக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்த நேரத்தில் மில்லுக்குள் மணி அடித்தது. பஞ்சை அடித்துப் பிரிக்கும் புளோரூமில் தீ. பஞ்சு மில்லில் அது புதிதல்ல. எலக்ட்ரீஷியன் ஓடிப்போய் புளோரூம் மெயினை இறக்கினார். அக்கவுண்டன்ட் கேட்டுக்கு ஓடி, வெளியே ஓடிவந்த தொழிலாளிப் பெண்களை எண்ணினார். மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய சிவப்பு வாளி மணலோடு உள்ளே போனார். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீ அணைந்தது. கருகிய பஞ்சு வாசனையோடு திரும்பி வந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், மறுபடியும் திரைக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

கடைசியில் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார் மேனேஜர். லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து நான் கையால் எழுதினேன். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. வியர்வை சொட்டி மை கலைந்தது. "சீக்கிரம்மா, சீக்கிரம்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் ஓர் எண் தப்பாயிற்று.

லோடு போய்ச் சேர்ந்தது. கப்பல் அதற்கு முன்பே போய்விட்டது.

மறுநாள், பழைய பில்லில் நம்பரைத் தேடிப் பிடித்து வரவழைத்த இன்ஜினீயர் மெஷினைப் பார்த்தார். "வைரஸ்ங்க. வெளியில இருந்து வந்த ஏதோ பிளாப்பியில வந்திருக்கு. காப்பி பிளாப்பியை மட்டும் உள்ள போடாம இருந்திருந்தா, வேற மெஷின்ல கொஞ்ச நேரத்துல லிஸ்ட்டை எடுத்திருக்கலாம்" என்றார். அக்கவுண்டன்ட் சுவரைப் பார்த்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டிபன் பாக்ஸையும் பையையும் எடுத்துக்கொண்டே போனேன், திரும்பி வந்து எடுக்கும் அவமானம் வேண்டாமென்று.

அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, தீப்புடிச்சா வாளி வச்சிருக்கோம், மணி வச்சிருக்கோம். யாரு எங்க ஓடணும்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். இதுக்கு என்ன வச்சிருக்கோம்?"

வேலைதான் போகப் போகிறதே என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"செருப்பு ஸ்டாண்டு, சார்."

அவர் சிரிக்கவில்லை. பெயின்ட் டப்பா கொண்டுவரச் சொன்னார். கம்ப்யூட்டர் கெட்டால் யார் என்ன செய்யவேண்டும், யார் கை வைக்கக்கூடாது என்று என்னையே எழுதச் சொன்னார், மணல் வாளிக்குப் பக்கத்துச் சுவரில். முதலில் மதுரை நம்பரை எழுதினேன். பெயின்ட் வழிந்ததில் கடைசி எண் கோணலாகிவிட்டது. வேலை போகவில்லை என்பது அதை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.