நடு நாற்காலி

“…அவரே நடுவுல உட்கார்ந்துக்கட்டும்க்கா. ஓரத்துல உட்கார்ந்தா என் மூஞ்சி போட்டோவுல விழாமயா போயிரும்?” என்றாள் தங்கச்சி, கண்ணாடி முன்னால் நின்று புது பிளவுசின் கையை இழுத்துவிட்டபடி.

நாகல் நகரில் எனக்குத் தையல்கடை. அவள் கல்லூரிப் பேராசிரியை. மறுநாள் அவள் துறையில் கடைசி வருடப் பிள்ளைகளுக்குக் குரூப் போட்டோ. பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை எடுப்பார்கள். பிளவுஸ் துணி என்னிடம் வரும். இந்த வருடம் கடை முழுக்க மயில்கழுத்து நிறம் தொங்கியது. ஆசிரியர்கள் பக்கமிருந்து வந்தது தங்கச்சியுடையது மட்டும்தான். அளவு கொடுக்க வந்த ஒருத்தி சொன்னாள்: “ஆண்ட்டி, எங்க கிளாஸ்ல பையனத் தேடிப் பிடிக்கணும், ஸ்டாஃப் ரூம்ல மேடத்தத் தேடிப் பிடிக்கணும்.” யாராவது இப்படி நறுக்கென்று பேசிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

போட்டோவில் நடு நாற்காலி துறைத் தலைவருக்கு. பழைய தலைவர் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்து மூத்தவள் இவள்தான். உத்தரவும் இவள் பெயருக்கே வந்துவிட்டது. ஆனால் இவளுக்குப் பின்னால் வேலையில் சேர்ந்த ஒரு சார், “மேடம், நீங்க பொண்ணுங்க பக்கமா ஓரத்துல உட்கார்ந்தா நல்லாருக்கும், நடுவுல நான் பார்த்துக்கிறேன்” என்றாராம். இவளும் சரியென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தச் சாரை விடுங்கள், எனக்கு வயிறு எரிந்தது இவளைப் பார்த்துத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் இவளைவிட நான்தான் அதிக மார்க். அகரத்தில் எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். இவளுக்குக் கல்லூரி விடுதி பார்த்தார்கள். இவள் படித்துத் தள்ளிய புத்தகங்களைத் தையல் மிஷின் மேல் விரித்து வைத்து நான் படித்தேன். புரிந்தது பாதி, புரிந்ததாக நினைத்துக்கொண்டது பாதி. அன்று மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம், தைத்து முடித்த இவளுடைய பிளவுசை நானே போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. நாற்காலியில் நிமிர்ந்தும் உட்கார்ந்து பார்த்தேன்.

“ஏன்டி, அம்புட்டுச் சிரமமா இருந்தா நான் வந்து உட்காரவா? இந்த பிளவுசு எனக்கும் பத்துது, போட்டுப் பார்த்துட்டேன்.”

“என் பிளவுசையா? ஏங்க்கா!” என்று சிரித்தாள்.

“சிரிக்காத. உன்னப் பார்த்தா எனக்குப் பொறாமைடி. இத்தன வருசமா பொறாமைதான். நீ நிமிர்ந்து உட்கார்ந்தா அதுக்காவது ஒரு மரியாத இருக்கும். ஓரத்துல ஒண்டிக்கிறதுக்கா உன்ன அனுப்பிட்டு நான் இங்க கொக்கி தச்சுக்கிட்டு இருக்கேன்?”

சிரிப்பு நின்றது. பையிலிருந்து போனை எடுத்தாள். “சார், நாளைக்கு நடுவுல நான் உட்கார்றேன். நீங்க எனக்குப் பக்கத்துல உட்காருங்க” என்றாள். அந்தப் பக்கம் அவர் நீளமாக ஏதோ சொல்லத் தொடங்க, “சரிங்க சார், காலைல பார்ப்போம்” என்று பாதியிலேயே போனை வைத்தாள்.